வெள்ளை ஏறும் வரை

வினிகர் ஊற்றி நிறுத்தியிருந்த பி.வி.சி. குழாய்க்குள்ளிருந்து அருவாளை உருவினபோது நாச்சிமுத்து அதைக் கையெடுத்துக் கும்பிடாத குறைதான். இதிலேயே இருக்கட்டும், இதிலேயே இருக்கட்டும் என்று வாய்க்குள் ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது, பல்லிடுக்கில் மாட்டின பாக்குத் தூள் மாதிரி, துப்பவும் வராமல் விழுங்கவும் வராமல். பதம் வைத்து வருகிற அலகுகளைக் கழுவித் தேய்த்து வெள்ளை ஏற்றிக் கொடுப்பதுதான் இந்தப் பட்டறையில் பதினோரு வருஷமாக அவன் வேலை. கையில் எடுத்த இரும்பில் விரிசல் இருக்கக்கூடாதே என்று எத்தனையோ தடவை வேண்டியிருக்கிறான். இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டது இந்தச் செவ்வாய்க்கிழமை காலைதான். ராத்திரி முழுக்க ஊறினதில் இரும்பின் மேல் படிந்திருந்த கரி ஓடு இளகி, கறுத்த பாசியாக வழுக்கியது. விரலால் வழித்தான். வழித்த இடத்தில் சாம்பல் நிறம் தெரிந்தது, மழைக்கு முந்தின வானத்து நிறம். முதுகுப் பக்கம் பார்த்தான், மூக்குப் பக்கம் பார்த்தான், பிடி மாட்டுகிற வால் பக்கம் பார்த்தான். ஒன்றுமில்லை. சாம்பலில் என்ன தெரியும், வெள்ளை ஏறட்டும், ஏறினால்தான் தெரியும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு, சோடா உப்புக் கரைத்த வாளியில் அதை முக்கினான். புஸ்ஸென்று நுரை பொங்கியது. மணி பத்து. இந்நேரம் ஆழியாற்றுப் பக்கத்துத் தோப்பில் தங்கச்சி புருஷன் கனகராசு இருபதாவது மரமோ இருபத்தஞ்சாவது மரமோ ஏறியிருப்பான், இதே இரும்பில் பிறந்த இன்னொன்றை இடுப்பில் சொருகிக்கொண்டு.

கனகராசு கூட்டத்துக்கென்று அடித்த அஞ்சு அருவாளும் ஒரே லாரியின் வில்பட்டையில் வெட்டினவை. சனிக்கிழமை பட்டறை முதலாளி மயிலானந்தம் அஞ்சையும் சூளையில் சிவக்க வைத்து ஒன்றன்பின் ஒன்றாக எண்ணெயில் முக்கி எடுத்தான். முதலாளி என்றாலும் நாச்சிமுத்துவைவிட ஆறு வயது இளையவன், அண்ணே என்றுதான் கூப்பிடுவான். எண்ணெயிலிருந்து எழுந்ததில் ஒன்று மட்டும் லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, வெயிலுக்கு வாடின வாழைத்தார் மாதிரி. மயிலானந்தம் சாக்பீஸால் அதன்மேல் ஒரு வட்டம் போட்டான். மறுபடி சூடு காட்டித்தான் நிமிர்த்த வேண்டும், ஆனால் அந்த நேரம் பார்த்து கேஸ் தீர்ந்துபோயிருந்தது. "சிலிண்டர் எடுத்துட்டு வந்தர்றனுங்ண்ணே. வளைஞ்சதைத் தொட்டறாதீங்க, அது இப்ப கண்ணாடி" என்று சொல்லிவிட்டுப் போனான். கண்ணாடி என்று நாச்சிமுத்துவுக்குத் தெரியாதா? எண்ணெயில் முக்கின இரும்பு ஆறிவிட்டால், மறுபடி இளஞ்சூட்டில் வாட்டி எடுக்கிறவரை கைபட்டால் உடைகிற சாதி என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவனே சொல்லுவான். ஆனாலும் அந்த வளைவு, அரை விரல்கூட இல்லாத வளைவு, அவன் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்றது. வளைவு பார்ப்பதில் தன் கண்ணுக்கு மேல் கண்ணில்லை என்று ஒரு நினைப்பு அவனுக்கு. இன்னும் வெதுவெதுப்பு இருக்கிறது, இருக்கிறாற்போலத்தான் இருக்கிறது, ஒரே ஒரு அழுத்து. வைஸ் இடுக்கியில் மாட்டினான். அழுத்தினான். டிக். சத்தம் வந்ததும் கை தானாக விட்டுவிட்டது. பிடிக்குக் கயிறு சுற்றிக்கொண்டிருந்த பொன்னாத்தா தலையைத் தூக்கி, "பல்லி சொல்லிருச்சுங்ண்ணே, நேராயிருச்சு போங்க" என்று சிரித்தாள். தூக்கிப் பார்த்தான். நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது. பல்லிதான் என்று அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே கட்டைவிரலால் அந்தச் சாக்பீஸ் வட்டத்தை அழித்தான். அழித்து, மற்ற நாலோடு அதையும் சேர்த்து வைத்தான். மயிலானந்தம் வந்து "வளைஞ்சது எங்கீங்ண்ணே?" என்று கேட்டபோது, "ஆறயில தானா நிமுந்துக்கிச்சு" என்று வாய் சொன்னது. மனசு சொல்லவில்லை, வாய்தான் சொன்னது. "அப்புடியுங்கூட நடக்குமா" என்று அவன் வியந்துவிட்டு அஞ்சையும் அடுப்பில் வாட்ட வைத்தான். கரி பூசின அஞ்சு முகம். எது எது என்று பெற்றவளுக்கே தெரியாது.

சோடா உப்பு அடங்கிவிட்டது. துடைத்து எடுத்துக்கொண்டு பெல்ட் மெஷினுக்கு வந்தான். எண்பதாம் நம்பர் எமரிப் பட்டையை மாட்டி ஓடவிட்டு, அலகை மெதுவாகக் கொடுத்தான். பொறி வந்து முழங்கையில் விழுந்து செத்தது. ஒரு இழுப்பு, உடனே தண்ணீர் வாளி. ஒரு இழுப்பு, தண்ணீர் வாளி. அவசரப்பட்டு இழுத்தால் சூடேறி, முதலில் வைக்கோல் நிறம் வரும், அப்புறம் செம்பு, அப்புறம் கருநீலம். நீலம் வந்துவிட்டால் வைத்த பதம் போயிற்று, அப்புறம் அது அருவாளில்லை, தகரம். ஓடு ஓடு என்று உள்ளே ஒருவன் விரட்டுகிறான், இரு இரு என்று இரும்பு சொல்கிறது. மற்ற நாலுக்கும் இந்தப் பாடு கிடையாது. மரம் ஏறுகிறவர்களுக்கு அருவாள் முழுக்க வெள்ளையாக இருக்கக் கூடாது, உச்சி வெயிலில் பளீரென்று கண்ணில் அடிக்கும். கரி ஓடு நின்றால் துருவும் ஏறாது. அதனால் வாய்ப்பக்கம் ரெண்டு விரல் அகலத்துக்கு மட்டும் தேய்த்து, மிச்சத்தைக் கருப்பாகவே விடுவது. நாலையும் ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் முடித்தான். வாய்ப்பக்கம் ஒன்றிலும் ஒரு கீறல் இல்லை. கருப்புக்குள்ளே? முதுகில் தொடங்கி, வாய் எட்டாமல், கருப்புக்குள்ளேயே முடி மாதிரி ஒன்று ஓடியிருந்தால் யார் கண்டார்கள்? மண்ணெண்ணெய் தடவிச் சாக்பீஸ் பொடி தூவிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பார்த்தால் பொன்னாத்தா ஏன் என்பாள், மயிலானந்தம் ஏன் என்பான். அந்த ஏனுக்குப் பதில் கட்டைவிரலில் சாக்பீஸாக ஒட்டிக்கொண்டிருந்தது, எத்தனை கழுவியும் போகாமல்.

திங்கட்கிழமை காலை கனகராசு டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் வந்தான். சாக்கை விரித்து நாலையும் கீழே வைத்தான் நாச்சிமுத்து. அருவாளைக் கைக்குக் கை கொடுப்பதில்லை, ஒருத்தன் வைக்க ஒருத்தன் எடுக்க வேண்டும். "இதுல எனக்கு எதுங் மச்சா?" என்று கேட்டான் கனகராசு, பெண் பார்க்க வந்தவன் மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு. "எதா இருந்தா என்னொ மாப்ள, நாலும் ஒரு வயித்துப் புள்ளைக." "அதெப்புடிங், உங்க தங்கச்சி ஊரெல்லாம் எங்கண்ணன் தீட்டுன அருவான்னு சொல்லிட்டுத் திரியறா. எனக்குன்னு நல்லதா ஒண்ணு ஒதுக்காம இருப்பீங்களா?" ஒதுக்க வேண்டும். எதை ஒதுக்குவது? ஒவ்வொன்றையும் எடுத்து நகத்தால் தட்டிக் காதோரம் வைத்துப் பார்த்தான். நல்ல இரும்பு பாடும், விரிந்த இரும்பு இருமும். ஆனால் அப்போது பக்கத்துக் கொட்டகையில் ஹாலோ பிளாக் மெஷின் தடதடதடவென்று தரையையே உலுக்கிக்கொண்டிருந்தது. நாலும் ஒன்றாக நடுங்கின, எதுவும் கேட்கவில்லை. ஒரு நிமிஷம் அதை நிறுத்தச் சொல்லிப் பார்த்திருக்கலாம். சாலை தாண்டிப் போய்த் தட்டிப் பார்த்திருக்கலாம். லாம், லாம், லாம். மூன்றாவதை எடுத்துக் கனகராசு பக்கம் வைத்தான். ஏன் மூன்றாவது? தெரியாது. கை எடுத்தது, வைத்தது. அன்றைக்கு அழுத்தின அதே கை.

நூற்றிருபதுக்கு மாறினான். சாம்பல் வெளுத்து, ஒரு பக்கம் மங்கின கண்ணாடி மாதிரி ஆகிக்கொண்டு வந்தது. இந்த அஞ்சாவது மட்டும்தான் வாய்முதல் முதுகுவரை, மூக்குமுதல் வால்வரை முழு வெள்ளை ஏற வேண்டியது. ஏனென்றால் இது மனுஷனுக்கில்லை. கனகராசு கூட்டத்தார் புது அருவாள் எடுத்தால் நாலு பேருக்கு நாலு, அஞ்சாவது தோப்பு மூலையில் இருக்கிற கருப்பனுக்கு. கல்லுக்குப் பக்கத்தில் நட்டுவிடுவார்கள். அது ஒரு மட்டை வெட்டாது, ஒரு காய் சீவாது. மழையில் நனைந்து, பனியில் நனைந்து, அடுத்த வருஷம் பார்த்தால் துருப்பிடித்த பல் மாதிரி நிற்கும். எப்போதும் கருப்பனுக்கு நட்டுவிட்டுத்தான் முதல் மரம் ஏறுவது. இந்தத் தடவை வெள்ளை ஏற்றி முடியவில்லை என்றதும், "வெள்ளிக்கிழமை நட்டுக்கலாமுங் மச்சா, கருப்பன் என்ன கோவிச்சுக்கவா போறான், நம்ம ஆளு" என்று சிரித்துவிட்டுக் கனகராசு போய்விட்டான். சாமிக்கு முந்தி ஏறிவிட்டார்கள். இழுப்பு, தண்ணீர். இழுப்பு, தண்ணீர். கருப்பா, நொண்டி எதுவோ அது உன்னுது, அதை நீ எடுத்துக்க. உனக்கென்ன, நீ வெட்டப்போறதில்லை, சீவப்போறதில்லை, அறுபதடி ஒசரத்துல நிக்கப்போறதில்லை. நொண்டி ஆட்டை நேர்ந்துவிடக் கூடாது, சொத்தைத் தேங்காயை உடைக்கக் கூடாது, விரிந்த அருவாளை நடக் கூடாது என்று தெரியும். தெரிந்தேதான் கேட்கிறேன். குத்தமுன்னா குத்தத்தை என் தலையில எழுதிக்க. மண்டையில் ஒருவன் இப்படிப் பேரம் பேச, இன்னொருவன் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தான்: நீ வேண்டினதால் விரிசல் ஒரு இரும்பிலிருந்து இன்னொரு இரும்புக்கு இடம் மாறுமா? அது சனிக்கிழமையே எதிலோ விழுந்துவிட்டது. டிக் என்ற அந்த நொடியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. இப்போது நடப்பது வெறும் பார்ப்பது. இருந்தாலும் உதடு நிற்கவில்லை.

வினிகர் வாடை கைவிட்டுப் போகவில்லை, புளித்த வாடை, அந்த வாடையோடு ஏனோ சோப்பு வாடையும் வந்தது. பட்டறையில் சோப்பு ஏது? கட்டைச் சோப்பு, நீலம் கலந்தது, அம்மா துணிக்குப் போடுவது. அவனுக்குப் பத்து வயசு, தங்கச்சி துளசியாமணிக்கு எட்டு. மண்குடத்தைத் தொட்டிமேல் இடித்துவிட்டான். உடையவில்லை, இடுப்பில் ஒரு கீறல், அதில் ஊசி முனை மாதிரித் தண்ணீர் கசிந்தது. சோப்பை எடுத்துக் கீறல்மேல் அழுத்தித் தேய்த்தான். கசிவு நின்றுவிட்டது. என்ன கெட்டிக்காரத்தனம் என்று தன்னையே மெச்சிக்கொண்டு, கீறலைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தான். அடுத்த நாள் துளசியாமணி அந்தக் குடத்தில் தண்ணீர் மொண்டு இடுப்பில் தூக்கினாள். நாலு எட்டு நடந்தாள். குடம் விரிந்தது, ஓடு காலில் இறங்கியது. புறங்காலில் இப்போதும் இருக்கிறது, வெள்ளரி விதை மாதிரி ஒரு தழும்பு. அம்மா அவளைத்தான் வைதாள், கண்ணைப் பொடனியிலயா வெச்சுட்டு நடந்தே என்று. அவள் ரத்தக்காலோடு நின்று, "நான் ஒண்ணும் பண்லம்மா, அதுவாத்தான்" என்று அழுதாள். அதுவாத்தான். அவன் சுவரோரம் நின்றான், கட்டைவிரலில் சோப்பு. இன்றுவரை சொல்லவில்லை. கல்யாணத்தன்று மெட்டி போட அவள் கால் நீட்டியபோது அந்தத் தழும்பைப் பார்த்தான், கனகராசுவும் பார்த்தான், அப்போதும் சொல்லவில்லை. இன்றைக்குக் காலையில் ஏழு மணிக்கு அவளுக்குப் போன் போட்டபோதும் சொல்லவில்லை. "அவரு அஞ்சுக்கே கெளம்பிட்டாருண்ணா. என்னொ விசயம்?" "ஒண்ணுமில்ல அம்மிணி, சும்மாத்தான்." "சும்மா ஒரு நாளும் கூப்பிட மாட்டயே" என்று சிரித்தாள். சும்மாத்தான், அதுவாத்தான், தானா நிமுந்துக்கிச்சு. ஒரே வார்த்தையை எத்தனை விதமாகத் தேய்த்து வைத்திருக்கிறான்.

"என்னுங்ண்ணே, கருப்பன் அருவாளைத் தடவித் தடவியே கரைச்சுருவீங்களாட்டிருக்குது" என்றாள் பொன்னாத்தா, டீத் தம்ளரை அவன் பக்கம் நகர்த்தி. "வெறுங்கையில தொடாதீங்க சாமி, உங்குளுது உப்புக்கை, நாளைக்கு அஞ்சு வெரலும் துருவா எந்திரிச்சு நிக்கும்." உண்மைதான், அவன் வேர்வை பட்ட இரும்பில் மறுநாளே ரேகை எழும். கையைத் துணியில் துடைத்தான். "பொன்னாத்தா, அன்னைக்கு, சனிக்கெழம, பல்லி சொல்லுச்சல்லோ?" என்றான், எங்கோ பார்த்துக்கொண்டு. "எந்தப் பல்லி?" "டிக்குன்னு." "ஆமா, அதுக்கென்னொ இப்ப?" "எத்தனை தரம் சொல்லுச்சு?" அவள் கயிற்றைப் பல்லில் கடித்து இறுக்கிக்கொண்டே, "பல்லி சொன்னதை ஆராச்சும் எண்ணிட்டு இருப்பாங்களா? லாட்டரிச் சீட்டு ஏதாச்சும் வாங்கீருக்கறீங்களா?" என்று சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. பல்லி ஒரு தரம் சொல்லி நிறுத்தாது. டிக்டிக்டிக்டிக் என்று நாலோ அஞ்சோ அடுக்கிச் சொல்லித்தான் ஓயும். இது அன்றைக்கே தெரியும். சிரித்தபோதே தெரியும். வட்டத்தை அழித்தபோதே தெரியும். தெரிந்த ஒன்றைத் தெரியாத மாதிரி வைத்துக்கொள்ள மூன்று நாள் எத்தனை பாடு. டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. இருநூற்றிருபதுப் பட்டையை மாட்டினான்.

சின்ன வயசில் கேட்ட கதை ஒன்று உண்டு, காட்டுக்குக் காவல் போன இடத்தில் பெரியப்பா சொன்னது. அஞ்சு அண்ணந்தம்பிகள் இருந்தார்களாம். அதில் ஒருத்தனைக் கொண்டுவா என்று எமன் தூதனை அனுப்பினானாம். தூதன் மறதிக்காரன், வரும் வழியில் ஓடையில் தண்ணீர் குடிக்கக் குனிந்தவன் பேரைத் தண்ணீரில் விட்டுவிட்டானாம். வந்து கூரைமேல் உட்கார்ந்து பார்க்கிறான், அஞ்சும் ஒரே முகம். பேரில்லாமல் திரும்பிப் போனால் எமன் அடிப்பான், அஞ்சையும் கொண்டுபோனாலும் அடிப்பான். ஆகவே கூரையிலேயே உட்கார்ந்திருந்தானாம், மழையிலும் வெயிலிலும். கீழே அஞ்சு பேரும் உழுகிறார்கள், உண்கிறார்கள், ஒருத்தனை ஒருத்தன் கேலி பேசிச் சிரிக்கிறார்கள். அப்புறம்? அப்புறம் என்ன என்று நாச்சிமுத்துவுக்குத் தெரியாது, அந்த இடத்தில் தூங்கிப்போய்விட்டான். மறுநாள் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, பெரியப்பாவும் இப்போது இல்லை. இத்தனை காலம் அந்த அஞ்சு பேரை நினைத்துத்தான் பயந்திருக்கிறான். கூரைமேல் உட்கார்ந்திருக்கிறவன் பாடு என்னவென்று இப்போதுதான் தெரிகிறது.

அப்போது தெரிந்தது கோடு. முதுகிலிருந்து குறுக்கே, அரை விரல் நீளம், மயிரிழை. மெஷினை அணைத்தான். பட்டை சுற்றி ஓயும்வரை மூச்சு விடவில்லை. வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தான். இருக்கிறது. நிமிர்த்திப் பார்த்தான். இருக்கிறது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கருப்பா, கருப்பா, என் ராசா, எடுத்துக்கிட்டயா. நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டான். இனி ஒன்றுமில்லை. இதை மயிலானந்தத்திடம் காட்டி, கருப்பனுக்கு வேறு அடிக்கலாம் என்று சொன்னால் போதும். யாரும் எதையும் கேட்கப்போவதில்லை, சில இரும்பு அப்படித்தான். கனகராசு சாயங்காலம் இறங்கி வருவான், துளசியாமணி சோறு போடுவாள். வெளியே சாலையில் தேங்காய் மட்டை ஏற்றின டெம்போ ஒன்று போனது, அதன் பின்னால் ஒரு நாய் ஓடியது, அந்த நாய்மேல்கூட அவனுக்குப் பிரியம் வந்தது. நகத்தால் கோட்டைத் தடவினான். நகம் மாட்டவில்லை. மறுபடி தடவினான். விரிசலென்றால் மாட்ட வேண்டும். சில விரிசல் மாட்டாது, மெல்லிசு, அப்படியும் உண்டு. நானூறாம் நம்பர் எமரித் தாளை மரக்கட்டையில் சுற்றி, ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, அந்த இடத்தை மட்டும் தேய்த்தான். தேய்க்காதே, தேய்க்காதே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு குரல். கை கேட்கவில்லை, பதினோரு வருஷத்துக் கை. எட்டு இழுப்பு, பத்து இழுப்பு. துணியால் துடைத்தான். கோடு இல்லை. பட்டையில் ஒட்டியிருந்த ஏதோ மண் துகள் இழுத்த கீறல். தோலோடு போய்விட்டது.

அதற்கப்புறம் தேய்த்ததெல்லாம் கைதான். நானூறு, அறுநூறு, எண்ணூறு. எண்ணெய் கறுத்து வழிய, வழியத் துடைக்க, துடைத்த இடத்தில் இரும்பு விழித்துக்கொண்டு வந்தது. மேல் கூரைத் தகரத்தின் ஓட்டைகள் அதில் நட்சத்திரமாகத் தெரிந்தன. பிறகு அவன் முகம் தெரிந்தது, நீண்டு, நெளிந்து. பதினோரு வருஷத்தில் இப்படி ஒரு வெள்ளை ஏறியதில்லை. ஒரு வாழ்நாளுக்கு ஒன்று அமைகிற வெள்ளை, அது இன்றைக்கா வந்து தொலைய வேண்டும்? ஒரே வழி பாக்கி. மண்ணெண்ணெய் பாட்டிலை எடுத்தான். இரண்டு பக்கமும் தடவி, ஊறட்டும் என்று வைத்தான். பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் கனகராசு ஒரு மரம் இறங்கி ஒரு மரம் ஏறுவான். ஏறுமுன் அருவாள் முதுகால் மரத்தை மூன்று தட்டு தட்டுவான், மரத்துக்கிட்டச் சொல்லீட்டுத்தான் ஏறோணும் மச்சா என்பான். முதுகால். விரிசல் முதுகில்தான் தொடங்கும். மூன்று தட்டு, ஒரு மரத்துக்கு மூன்று, ஐம்பது மரத்துக்கு நூற்றைம்பது, ஒவ்வொரு தட்டுக்கும் அது ஒரு நூல் கீழே இறங்கும். மேலே போய் ஒரு கையால் மட்டையைப் பிடித்துக்கொண்டு ஓங்குவான். உடைந்த பாதி எங்கே போகும்? கீழே போனால் கீழே காய் பொறுக்குகிறவர்கள். நேரே வந்தால் முகம். ஓங்கின வீச்சுக்கு எதிர்ப்பு இல்லாமல் போனால் உடம்பு கூடவே போகும். போதும், போதும். மண்ணெண்ணெயை வறண்ட துணியால் சுத்தமாகத் துடைத்தான். சாக்பீஸைச் சுரண்டி, பொடியை ஊதி, அலகு முழுக்கப் படியவிட்டான். உள்ளே விரிசல் இருந்தால் அதில் ஒளிந்திருக்கும் எண்ணெய் மெல்ல ஊறி வந்து பொடியில் ஈரக்கோடு போடும். எறும்பு ஊர்கிற மாதிரி வரும். பார்த்துக்கொண்டே இருந்தான். வா. வந்துரு. ஈ ஒன்று வந்து உட்கார்ந்து, பொடியில் காலடி வைத்துப் பறந்தது. இன்னும் பார்த்தான். திருப்பிப் போட்டுப் பார்த்தான். வெள்ளை. கல்யாண வீட்டுக் கோலப்பொடி மாதிரி, ஒரு ஈரப்பொட்டு இல்லாத வெள்ளை.

"அடேங்கப்பா" என்றான் மயிலானந்தம். எப்போது வந்து பின்னால் நின்றான் என்று தெரியவில்லை. அருவாளை எடுத்துப் பொடியை ஊதிவிட்டு, வாலைப் பிடித்துத் தொங்கவிட்டு நகத்தால் ஒரு சுண்டு சுண்டினான். ஹாலோ பிளாக் மெஷின் சாப்பாட்டுக்கு நின்றிருந்தது. ணங் என்று எழும்பி, பட்டறை முழுக்கச் சுற்றி, வெகுநேரம் பாடி, அடங்கியது. "கருப்பனுக்குக் குடுத்து வெச்சிருக்குதுங்ண்ணே. இந்தப் பட்டறையில இதுவரைக்கும் இப்புடி ஒண்ணு எறங்கல. மண்ணுல நடறதுக்கே மனசு வராது போங்க." நாச்சிமுத்து போனை எடுத்தான். விரல் எண்ணெயில் வழுக்கி ரெண்டு தரம் தப்பான இடத்தில் பட்டது. மணி போனது, போனது, போனது. எடுத்தது ஒரு பெண் குரல். "ஏனுங், ஆருங் பேசறது?" "கனகராசோட மச்சான் பேசறனுங்க. அவருகிட்டக் குடுங்க." "அவரு மேல இருக்கறாருங். போனு பையில கத்துச்சு, அதான் எடுத்தனுங். நான் கீழ காய் பொறுக்கறவ." "அவரைக் கீழ எறங்கச் சொல்லுங்க. இப்பவே." "இப்பத்தானுங் ஏறுனாரு. ஏனுங், ஊட்ல எதாச்சுமா?" வாய் அதுவாக எதையாவது சொல்லும் என்று காத்திருந்தான், இந்தத் தடவை அது ஒன்றும் சொல்லவில்லை. அவனேதான் சொல்ல வேண்டியிருந்தது. "அருவாள்ல விரிசல் இருக்குதுங்க. நாலுல எதுலயோ ஒண்ணுல. நாலு பேரையும் எறங்கச் சொல்லுங்க." பின்னால் மயிலானந்தத்தின் கையில் இருந்த அருவாள் மேசைமேல் மெதுவாக வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. பொன்னாத்தா சுற்றிக்கொண்டிருந்த கயிற்றை விட்டாள். "வளைஞ்சதை நான்தான் நிமுத்துனேன் மயிலானந்தம். ஆறுனதுக்கப்புறம்" என்றான், திரும்பாமல்.

போனில் அந்தப் பெண் கத்திக்கொண்டே ஓடுவது கேட்டது. சருகு நொறுங்கியது. "ஏனுங்... எறங்குங்கோவ்... அருவா நொள்ளையாமா... எறங்குங்கோவ்..." அவள் குரலுக்குப் பின்னால், தூரத்தில், மேலே, நாலு அருவாள் வெட்டுவது அவன் காதில் விழுந்தது. கிட்டத்தில் ஒன்று, தள்ளி ஒன்று, ரெண்டு ஒன்றுக்குள் ஒன்றாக. எதுவாவது இருமுகிறதா என்று கேட்டான். எல்லாம் போனுக்குள் ஒரே மாதிரி டக் டக் என்றுதான் வந்தன. பிறகு ஒன்று நின்றது. யாரோ மேலேயிருந்து "என்னொ?" என்றார்கள். இன்னொன்று நின்றது. கொஞ்சம் கழித்து மூன்றாவதும் நின்றது. மட்டை சரசரக்க யாரோ இறங்கி வந்தார்கள். அந்தப் பெண் மூச்சு வாங்கப் போனுக்கு வந்தாள். "மூணு பேரு கேட்டுட்டாங்க, எறங்கறாங்க. உங்க மாப்ளைக்குத்தானுங் கேக்க மாட்டேங்குது. அந்தக் கடைசி மரத்துல இருக்கறாரு, காத்து எதுத்தாப்புல அடிக்குது." "கத்துங்க. கல்லெடுத்து வீசுங்க." "சரிங், போறனுங்" என்றாள். அவள் ஓடினாள், போன் அவள் கையோடு ஆடியது, காற்று உள்ளே புகுந்து உறுமியது. உறுமலுக்கு நடுவே ஒரே ஒரு அருவாள், நிதானமாக, டக். அடுத்ததற்காக நாச்சிமுத்து காதை அழுத்திக்கொண்டான். டக். மேசைமேல் கருப்பனின் அருவாள், கூரைத் தகரத்தின் ஓட்டையையெல்லாம் தன்மேல் வாங்கி, ஒரு மரு இல்லாமல் படுத்திருந்தது. டக். உத்திரத்தில் எங்கோ பல்லி டிக்டிக்டிக்டிக் என்று அடுக்கிச் சொன்னது, ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. டக். ஒவ்வொரு சத்தமும் வந்தபோது அவன் உயிர் வந்தது, அது போனதும் போனது. இனி வருவது டக்காக இருக்கட்டும், டக்காகவே இருக்கட்டும் என்று வாய்க்குள் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது.